உண்ணிக்காய்ச்சல் நோயறிதல்

உண்ணிக்காய்ச்சல் நோயறிதல் என்பது உண்ணி அல்லது சிற்றுண்ணி கடித்தபின் மனிதருக்கு ஏற்படக்கூடிய காய்ச்சல் நோய்களைக் கண்டறியும் மருத்துவ முறையாகும். இந்நோய்களுள் தமிழ்நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது ஒரியென்சியா சுட்சுகாமுசி என்னும் பாக்டீரியாவால் உண்டாகும் ஸ்க்ரப் டைபசு ஆகும். இதற்கு அடுத்ததாக ரிக்கெட்சியா வகைப் பாக்டீரியாக்களால் உண்டாகும் புள்ளிக்காய்ச்சல் அறியப்பட்டுள்ளது. இவ்விரண்டும் தொடக்கத்தில் கண்டறியப்பட்டால் டாக்சிசைக்கிளின் என்னும் விலை குறைந்த மருந்தால் பெரும்பாலும் குணமாகின்றன. காலம் தாழ்ந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை, இதயம் ஆகியவை பாதிக்கப்பட்டு இறப்பு ஏற்படலாம்.

காய்ச்சலின் முதல் வாரத்தில் குருதிச் சோதனைகள் பல வேளைகளில் நோயைக் காட்டுவதில்லை. எனவே இந்நோயறிதல் ஆய்வகத்தைக் காட்டிலும் நோயாளியிடம் கேட்டறியும் செய்திகளையும், உடல் முழுவதையும் பார்த்துச் செய்யும் பரிசோதனையையும் பெரிதும் சார்ந்துள்ளது. வயல், புதர், தொழிற்சாலை, குடியிருப்பு ஆகியவை அடுத்தடுத்து அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்திலும் அதன் வடபகுதியான கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியிலும் இது சிறப்பாகக் கவனிக்கத்தக்கதாகும்.

பெயர்

தமிழில் 'உண்ணி' என்னும் சொல் நாய், மாடு, ஆடு ஆகியவற்றின் உடலில் ஒட்டிக் குருதி உறிஞ்சும் எட்டுக்கால் உயிரினத்தைக் குறிக்கிறது. நாயுண்ணி, மாட்டுண்ணி என்பன வழக்கில் உள்ள பெயர்கள். இவை வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவுடையவை; குருதி குடித்தபின் ஆமணக்கு விதை போலப் பருத்துக் காணப்படும்.

ஸ்க்ரப் டைபசைப் பரப்புவது இந்த உண்ணி அன்று. அதன் உறவினமான, மிகச் சிறிய வேறொரு உயிரினத்தின் இளம்பருவமாகும். அதனை இக்கட்டுரை சிற்றுண்ணி எனக் குறிப்பிடுகிறது. எனினும் தமிழ் நாளிதழ்களிலும் மக்கள் வழக்கிலும் ஸ்க்ரப் டைபசே 'உண்ணிக்காய்ச்சல்' என அழைக்கப்படுகிறது. இப்பெயர் நோயறிதலில் ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது. 'உண்ணி கடித்ததா?' என்று மருத்துவர் கேட்கும்போது, நோயாளி நாயுண்ணியையோ மாட்டுண்ணியையோ நினைத்து இல்லை என்று விடையளிப்பது இயல்பு. சிற்றுண்ணி கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் கடி வலிப்பதும் இல்லை. ஆகவே 'இல்லை' என்னும் விடையைக் கொண்டு இந்நோயை விலக்கிவிட முடியாது.

நோய்களும் கடத்திகளும்

ஸ்க்ரப் டைபசு

இந்நோயின் கிருமி 1995 ஆம் ஆண்டு வரை ரிக்கெட்சியா பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. அதன்பின் ஒரியென்சியா என்னும் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது. 'சுட்சுகா' என்பது சப்பானிய மொழியில் நோய் அல்லது தீங்கையும், 'முசி' என்பது பூச்சியையும் குறிக்கும். இந்தியாவில் லெப்டோட்ரோம்பிடியம் டெலியன்சி என்னும் சிற்றுண்ணி இனம் இதன் முதன்மையான கடத்தியாகும்.

சிற்றுண்ணியின் வாழ்க்கையில் ஆறு கால்களையுடைய இளம்பருவம் மட்டுமே முதுகெலும்புள்ள விலங்குகளைக் கடிக்கிறது. இது ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் நீளமே உடையது. அடுத்த பருவங்கள் மண்ணில் வாழ்ந்து சிறு பூச்சிகளின் முட்டைகளை உண்கின்றன. கிருமி தாய்ச் சிற்றுண்ணியிடமிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குச் செல்வதால், சிற்றுண்ணியே நோயின் தேக்கிடமாகவும் அமைகிறது. எலிகளும் பிற கொறிணிகளும் இவற்றுக்கு உணவளிக்கும் விலங்குகள் ஆகும். எலி வளைகளும் ஈரமான புல்லும் உள்ள இடங்களில் இவை சிறு சிறு திட்டுக்களாகக் குவிந்து வாழ்கின்றன. ஆகையால் ஒரே ஊரில் ஒரு வரப்பு ஆபத்தானதாகவும், அடுத்த வரப்பு ஆபத்தற்றதாகவும் இருக்கலாம்.

கடித்ததிலிருந்து காய்ச்சல் தோன்ற 6 முதல் 21 நாட்கள் ஆகலாம். பெரும்பாலும் 10 முதல் 12 நாட்கள் ஆகின்றன. இந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரடியாகப் பரவுவதில்லை.

புள்ளிக்காய்ச்சல்

'இந்திய உண்ணி டைபசு' எனப்படும் புள்ளிக்காய்ச்சல் ரிக்கெட்சியா கொனோரி என்னும் பாக்டீரியாவின் இந்தியத் துணையினத்தால் உண்டாகிறது. இதனைப் பரப்புவது உண்மையான உண்ணியாகும். நாய்களில் பரவலாகக் காணப்படும் பழுப்பு நாயுண்ணி இதன் முக்கியக் கடத்தியாக அறியப்படுகிறது. காய்ச்சல் தொடங்கிய சில நாட்களில் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவந்த புள்ளிகள் தோன்றி உடலெங்கும் பரவும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் புள்ளிகள் காணப்படுவது இந்நோயின் தனித்தன்மையாகும். கடும் நிலையில், குறிப்பாகக் குழந்தைகளில், காது மடல், விரல் நுனி ஆகிய இடங்களில் தோல் கறுத்து அழுகுவதும் உண்டு.

பிற நோய்கள்

உண்ணிகள் பரப்பும் வேறு சில நோய்கள் இந்தியாவின் குறிப்பிட்ட பகுதிகளில் காணப்படுகின்றன. திருவள்ளூரில் உள்ள ஒரு நோயாளி அப்பகுதிகளுக்குச் சென்று வந்திருந்தால் இவை கருத்தில் கொள்ளப்பட வேண்டும்.

குரங்குக் காய்ச்சல் எனப்படும் கியாசனூர் காட்டு நோய் 1957 ஆம் ஆண்டு கருநாடகத்தின் சிமோகா மாவட்டத்திலுள்ள கியாசனூர் காட்டுப் பகுதியில், குரங்குகள் பெருமளவில் இறந்ததைத் தொடர்ந்து கண்டறியப்பட்டது. இது வைரசு நோயாகும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் உண்ணிகள் இதனைப் பரப்புகின்றன. தமிழ்நாட்டில் நீலகிரிப் பகுதியில் 2012 ஆம் ஆண்டு இறந்த குரங்குகளில் இவ்வைரசு கண்டறியப்பட்டது. திடீர்க் காய்ச்சல், கடுந்தலைவலி, தசைவலி, குருதிக் கசிவு ஆகியவை அறிகுறிகள். இதற்கு டாக்சிசைக்கிளின் பயன் தராது.

கிரிமிய-காங்கோ குருதிக்கசிவுக் காய்ச்சலும் வைரசு நோயே. இந்தியாவில் இது 2011 ஆம் ஆண்டு குசராத் மாநிலத்தில் முதன்முதலாக மனிதரில் உறுதி செய்யப்பட்டது. கால்நடைகளில் ஒட்டும் உண்ணிகளாலும், நோயுற்ற விலங்கு அல்லது மனிதரின் குருதியைத் தொடுவதாலும் பரவும். மருத்துவப் பணியாளர்களுக்கும் தொற்றக்கூடியது என்பதால், ஐயம் எழுந்தவுடன் நோயாளியைத் தனிமைப்படுத்த வேண்டும்.

லைம் நோய் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மிகுதி. இந்தியாவில் அரிதாகவே பதிவாகியுள்ளது. கடித்த இடத்தைச் சுற்றி நாளுக்கு நாள் விரிந்து செல்லும் செவ்வளையம் இதன் அடையாளமாகும். இவ்வளையம் தெளிவாக இருந்தால் குருதிச் சோதனை இன்றியே நோயை முடிவு செய்யலாம்.

வரலாறு

இந்தியாவில் உண்ணிவழி டைபசு பற்றிய தொடக்கக்கால மருத்துவக் குறிப்புகளை எழுதியவர் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த மேகா என்னும் அரசு மருத்துவர் ஆவார். 1917 ஆம் ஆண்டிலும் 1921 ஆம் ஆண்டிலும் 'இந்தியன் மெடிக்கல் கெசட்' இதழில் வெளியான அவருடைய கட்டுரைகள், டைபசை ஒத்த ஒரு காய்ச்சல் உண்ணிகளால் பரவக்கூடும் என்னும் கருத்தை முன்வைத்தன. இரண்டாம் உலகப் போரின்போது அசாம், பர்மா எல்லையில் போரிட்ட படைவீரர்களிடையே ஸ்க்ரப் டைபசு பெருமளவில் பரவியது. 1948 ஆம் ஆண்டு மலாயாவில் சோசப் சுமேடல் தலைமையிலான குழு குளோராம்பெனிக்கால் மருந்து இந்நோயைக் குணப்படுத்தும் என்று காட்டியது.

அதன் பின்னர் பல ஆண்டுகள் இந்தியாவில் இந்நோய் அதிகம் பேசப்படவில்லை. தமிழ்நாட்டில் இது மீண்டும் கவனத்திற்கு வந்தது 2000களின் தொடக்கத்திலாகும். 2001 அக்டோபர் முதல் 2002 பெப்ரவரி வரை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கண்டறியப்பட்ட 28 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2003 ஆம் ஆண்டு வெளியானது. குளிர்ந்த மாதங்களில் நோய் மிகுவதை அது சுட்டியது. அதே கல்லூரியில் 2005 முதல் 2010 வரை மருத்துவம் பெற்ற 623 நோயாளிகளைப் பற்றிய ஆய்வில் இறப்பு விகிதம் 9 விழுக்காடாக இருந்தது.

2025 ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து சர்னல் ஆப் மெடிசின்' இதழில் வெளியான ஆய்வு, தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 32,000க்கும் மேற்பட்ட மக்களைத் தொடர்ந்து கவனித்தது. ஊரகப் பகுதிகளில் இத்தொற்று மிகப் பரவலாக உள்ளதையும், தொற்றுக்கு உள்ளானவர்களில் பலர் நோயுறுவதில்லை என்பதையும் அது காட்டியது.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதி

திருவள்ளூர் மாவட்டம் சென்னைக்கு வடக்கிலும் மேற்கிலும் அமைந்து ஆந்திரப் பிரதேசத்தை எல்லையாகக் கொண்டுள்ளது. கொசத்தலை ஆறு, ஆரணி ஆறு ஆகியவை பாயும் நெல்வயல்களும், பூண்டி நீர்த்தேக்கமும், பழவேற்காடு ஏரியும் இம்மாவட்டத்தில் உள்ளன. சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி அமைந்துள்ளது. இங்குள்ள சிப்காட் தொழில் வளாகத்தில் உருக்கு, வேதிப்பொருள் உள்ளிட்ட பல்வகைத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. இவற்றில் உள்ளூர் மக்களுடன் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களும் பணிபுரிகின்றனர்.

2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாடு பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை ஸ்க்ரப் டைபசு குறித்து அறிவுறுத்தல் வெளியிட்டது. நோய் மிகுந்து காணப்படும் வட மாவட்டங்களுள் திருவள்ளூரும் ஒன்றாகக் குறிப்பிடப்பட்டது.

தொழிற்பகுதி என்பதால் இந்நோய்க்கு இடமில்லை என்று கருதுவது தவறாகும். சிற்றுண்ணி அடர்ந்த காட்டை நாடுவதில்லை. அழிக்கப்பட்ட இடத்தில் மீண்டும் வளரும் புல்லையும் புதரையுமே நாடுகிறது. மனைகளாகப் பிரிக்கப்பட்டு வெற்றாகக் கிடக்கும் நிலங்கள், சுற்றுச்சுவர் ஓரங்கள், சீமைக் கருவேலம் மண்டிய ஏரிக்கரைகள், இருப்புப் பாதை ஓரங்கள், எலிகள் மிகுந்த கிடங்குகளின் சுற்றுப்புறம் ஆகியவை அத்தகைய இடங்களாகும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் திசம்பர் வரை பெய்வதால் அப்போது புல் செழித்து வளர்கிறது. எனவே அக்டோபர் முதல் பெப்ரவரி வரையிலான மாதங்களில் இந்நோயை எதிர்பார்க்க வேண்டும். டெங்கு, எலிக்காய்ச்சல் ஆகியவையும் இதே பருவத்தில் மிகுவதே நோயறிதலின் முதன்மைச் சிக்கலாகும்.

உழவர், கால்நடை மேய்ப்போர், விறகு சேகரிப்போர், ஊரக வேலைத் திட்டத்தில் ஏரி, வாய்க்கால்களைச் சீர்செய்வோர், செங்கல் சூளைத் தொழிலாளர், கட்டுமானத்திற்காகப் புதர் அழிப்போர், தொழிற்சாலைத் தோட்டப் பணியாளர், காவலர் ஆகியோர் கடிக்கு உள்ளாகும் வாய்ப்பு மிகுதி. வயல்வெளிகளில் எலி பிடிக்கும் வழக்கமுடைய இருளர் மக்களும் இவர்களுள் அடங்குவர். கழிப்பிட வசதியின்றிப் புதர்ப்பக்கம் செல்ல நேர்வோரும் கடிக்கு உள்ளாகின்றனர்.

நோயறிதல்

கேட்டறிய வேண்டியவை

காய்ச்சல் எத்தனை நாளாக உள்ளது என்பதே முதற்கேள்வி. சளி, இருமல், சிறுநீர் எரிச்சல் போன்ற தெளிவான காரணம் இன்றி 5 நாட்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலில் ஸ்க்ரப் டைபசை எண்ண வேண்டும். அடுத்து, கடந்த 3 வாரங்களில் நோயாளி எங்கிருந்தார், என்ன வேலை செய்தார் என்று கேட்க வேண்டும். 'உண்ணி கடித்ததா' என்று கேட்பதைவிடப் பின்வருவனவற்றைக் கேட்பது பயனுடையது.

- புல்வெளியிலோ வரப்பிலோ உட்கார்ந்தாரா, படுத்தாரா?
- விறகு, தழை, வைக்கோல் சுமந்தாரா?
- வீட்டில் நாய், மாடு, ஆடு உள்ளதா? அவற்றிலிருந்து உண்ணி பிடுங்கினாரா?
- வேலை செய்யும் இடத்தின் பின்புறம் புதர் உள்ளதா?
- அண்மையில் சொந்த ஊருக்கோ மலைப்பகுதிக்கோ சென்று வந்தாரா?
- வீட்டிலோ தங்கும் அறையிலோ வேறு யாருக்கேனும் காய்ச்சல் உண்டா?
- ஏற்கனவே என்னென்ன மருந்து உட்கொண்டார்?

வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பொறுத்தவரை இவற்றை அவர்கள் மொழியில் கேட்க உதவியாளர் தேவைப்படலாம். அரும்பும் காலம் 3 வாரம் வரை நீள்வதால், தொற்று இங்கு ஏற்பட்டதா சொந்த ஊரில் ஏற்பட்டதா என்பதைப் பயண நாட்களைக் கொண்டே ஓரளவு அறியலாம்.

உடற்பரிசோதனை

சிற்றுண்ணி கடித்த இடத்தில் சிலருக்கு ஒரு சிறு கொப்புளம் தோன்றி, உடைந்து, நடுவில் கரும்பொருக்குடனும் சுற்றிலும் சிவந்த விளிம்புடனும் அமைகிறது. பார்ப்பதற்கு வெண்சுருட்டு நெருப்பால் சுட்ட வடுவைப் போன்றிருக்கும். இதனை மருத்துவர்கள் எசுக்கார் என்பர். இது வலிக்காது; அரிப்பதும் இல்லை. எனவே நோயாளிக்கே தெரியாமல் இருக்கும். ஏற்ற பருவத்தில் காய்ச்சலுடன் இப்புண் காணப்பட்டால் நோய் ஏறத்தாழ உறுதியாகும்.

இப்புண் பெரும்பாலும் ஆடை இறுக்கும் இடங்களிலும் தோல் மடிப்புகளிலும் காணப்படுகிறது. அக்குள், கவட்டி, பிறப்புறுப்பு, இடுப்பு, மார்பகத்தின் கீழ்ப்பகுதி, தொப்புள், முழங்காலின் பின்புறம், காதின் பின்புறம், தலைமுடிக்குள் ஆகிய இடங்களைத் தேட வேண்டும். ஈரமான மடிப்புகளில் கரும்பொருக்கு இன்றி, வெளிறிய ஆழமற்ற புண்ணாகவும் இருக்கலாம். அருகிலுள்ள நெறிக்கட்டி வீங்கியிருந்தால் அதனைச் சுற்றிய பகுதியை மீண்டும் பார்க்க வேண்டும்.

கூட்டம் மிகுந்த புறநோயாளர் பிரிவில், ஆடை அகற்றாமல் செய்யும் பரிசோதனையில் இப்புண் தவறிவிடுகிறது. பெண் நோயாளிகளைப் பெண் மருத்துவர் அல்லது செவிலியர் மறைவான இடத்தில் பரிசோதிப்பதும், நோயாளியையோ அவருடைய உறவினரையோ தேடிப் பார்க்கச் சொல்வதும் இதற்கு வழிகளாகும். எனினும் புண் எல்லாருக்கும் இருப்பதில்லை. மேற்குறிப்பிட்ட 623 நோயாளிகள் பற்றிய வேலூர் ஆய்வில் 43.5 விழுக்காட்டினருக்கே அது காணப்பட்டது. எனவே புண் இருந்தால் நோய் உண்டு எனலாம். புண் இல்லை என்பதால் நோய் இல்லை எனக் கூற இயலாது.

கடும் நோயின் அடையாளங்களான மூச்சு வாங்குதல், குழப்பம், வலிப்பு, கழுத்து விறைப்பு, சிறுநீர் குறைதல், மஞ்சள் காமாலை, குருதி அழுத்தம் தாழ்தல் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இவை பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் தோன்றுகின்றன.

பொதுவான குருதிச் சோதனைகள்

கிருமிகள் குருதிக் குழாய்களின் உட்சுவர் உயிரணுக்களில் பெருகுவதால் பல உறுப்புகள் ஒரே நேரத்தில் பாதிப்படைகின்றன. குருதிச் சிறுதட்டுக்கள் குறைகின்றன. கல்லீரல் நொதிகள் உயர்கின்றன. வெள்ளணுக்கள் இயல்பாகவோ உயர்ந்தோ காணப்படுகின்றன. இச்சோதனைகள் எந்த வட்ட மருத்துவமனையிலும் செய்யக்கூடியவை. இவை நோயை உறுதிப்படுத்தா; ஆனால் ஐயத்தை வலுப்படுத்தும்.

உறுதிப்படுத்தும் சோதனைகள்

வெயில்-பெலிக்சு சோதனை: 1916 ஆம் ஆண்டு எட்மண்ட் வெயில், ஆர்தர் பெலிக்சு ஆகியோரால் உருவாக்கப்பட்டது. நோயாளியின் குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் புரோட்டியசு என்னும் வேறொரு பாக்டீரியாவைத் திரளச் செய்வதை அடிப்படையாகக் கொண்டது. ஓ.எக்சு-கே வகை திரண்டால் ஸ்க்ரப் டைபசும், ஓ.எக்சு-19, ஓ.எக்சு-2 வகைகள் திரண்டால் புள்ளிக்காய்ச்சலும் பிற டைபசு வகைகளும் ஐயுறப்படும். செலவு குறைவு, வசதி குறைந்த ஆய்வகத்திலும் செய்யலாம். ஆனால் நோயுள்ள பலரிடமும் இது எதிர்மறையாகவே வரும்.

ஐ.ஜி.எம் எலிசா: இந்தியாவில் தற்போது பெரிதும் பயன்படுத்தப்படும் சோதனை இதுவாகும். காய்ச்சல் தொடங்கி 5 நாட்களுக்குப் பின்னரே பிறபொருளெதிரிகள் போதிய அளவில் தோன்றுகின்றன. அதற்கு முன் எடுத்த குருதியில் எதிர்மறை முடிவு வந்தால், சில நாட்கள் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். மறுபுறம், ஒருமுறை தோன்றிய பிறபொருளெதிரி பல மாதங்கள் குருதியில் நீடிக்கலாம். ஆகவே நோய் பரவலாக உள்ள பகுதியில் நேர்மறை முடிவு பழைய தொற்றையும் குறிக்கக்கூடும். அதனை நோய்க்குறிகளுடன் ஒப்பிட்டே பொருள் கொள்ள வேண்டும்.

மறைமுக ஒளிர் பிறபொருளெதிரிச் சோதனை: அளவுகோலாகக் கருதப்படும் முறையாகும். 2 முதல் 4 வார இடைவெளியில் எடுத்த இரண்டு குருதி மாதிரிகளில் பிறபொருளெதிரியின் அளவு நான்கு மடங்கு உயர்ந்திருந்தால் நோய் உறுதியாகும். இம்முடிவு வரும்போது நோயாளி குணமடைந்திருப்பார் அல்லது இறந்திருப்பார் என்பதால், இது ஆய்வுக்கும் நோய்க் கண்காணிப்புக்குமே பெரிதும் பயன்படுகிறது.

பி.சி.ஆர்: கிருமியின் மரபுப்பொருளைக் கண்டறிவது. முதல் வாரத்திலேயே பயன் தரும். குருதியைவிடக் கரும்பொருக்கில் கிருமி மிகுதியாக இருப்பதால், பொருக்கைச் சிறிதளவு எடுத்து அனுப்புவது சிறந்தது. பெரிய ஆய்வகங்களில் மட்டுமே இவ்வசதி உள்ளது.

கியாசனூர் காட்டு நோயில் முதல் சில நாட்களில் பி.சி.ஆர் சோதனையும், அதன்பின் ஐ.ஜி.எம் எலிசாவும் செய்யப்படுகின்றன. இம்மாதிரிகளைப் பாதுகாப்பு வசதியுள்ள ஆய்வகங்களில் மட்டுமே கையாள வேண்டும். புனேயிலுள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனம் இவற்றுள் முதன்மையானது.

இந்திய வழிகாட்டியின் வரையறைகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடுவணரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையும் 2015 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி, நோயாளிகளை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது.

1. ஐயத்திற்குரியவர்: காரணம் தெளிவற்ற காய்ச்சல் 5 நாட்களோ அதற்கு மேலோ உள்ளவர். கரும்பொருக்குப் புண் இருந்தால் 5 நாட்கள் ஆகாவிடினும் ஐயத்திற்குரியவரே.
2. நோய் இருக்கக்கூடியவர்: மேற்கண்டவற்றுடன் வெயில்-பெலிக்சு அல்லது ஐ.ஜி.எம் எலிசா சோதனையில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் நேர்மறை முடிவு உள்ளவர்.
3. உறுதி செய்யப்பட்டவர்: பி.சி.ஆர் மூலம் கிருமி கண்டறியப்பட்டவர் அல்லது இணை மாதிரிகளில் நான்கு மடங்கு உயர்வு உள்ளவர்.

மருந்து தொடங்குவதற்கு முதல் நிலையே போதுமானது. ஆய்வக உறுதிக்காகக் காத்திருக்கக்கூடாது என்பது இவ்வழிகாட்டியின் முக்கியக் கூற்றாகும்.

ஒத்த நோய்களிலிருந்து பிரித்தறிதல்

- டெங்கு: முதல் 5 நாட்களில் என்.எசு1 சோதனை நேர்மறையாக இருக்கலாம். வெள்ளணுக்கள் குறையும். காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் தணிந்துவிடும். ஒரு வாரம் கடந்தும் காய்ச்சல் தணியாத நோயாளிக்குச் சிறுதட்டுக்கள் குறைந்துள்ளதை மட்டும் வைத்து டெங்கு என முடிவு செய்யக்கூடாது.
- எலிக்காய்ச்சல்: தேங்கிய நீரில் நடந்தது, கண் சிவத்தல், கெண்டைக்கால் வலி, மஞ்சள் காமாலை ஆகியவை குறிப்புகள். இதற்கும் டாக்சிசைக்கிளின் பயன்படும்.
- மலேரியா: குருதிப் பூச்சுச் சோதனையால் அறியப்படும். மலேரியா மிகுந்த பகுதிகளிலிருந்து அண்மையில் வந்த தொழிலாளர்களுக்கு இச்சோதனை தவறாமல் செய்யப்பட வேண்டும்.
- டைபாய்டு: பெயர் டைபசை ஒத்திருந்தாலும் இது வேறு நோய். குருதி வளர்ப்புச் சோதனையால் உறுதியாகும். வைடால் சோதனையை மட்டும் நம்பி டைபாய்டு எனக் கருதி மருத்துவம் செய்யப்படும் காய்ச்சல்களுள் ஸ்க்ரப் டைபசும் இருக்கக்கூடும்.

ஒரே நோயாளிக்கு இவற்றுள் இரண்டு நோய்கள் சேர்ந்து வருவதும் உண்டு. டெங்கு உறுதியானபின்னும் காய்ச்சல் நீடித்தால் மீண்டும் ஆராய வேண்டும். 'மர்மக் காய்ச்சல்' எனச் செய்திகளில் குறிப்பிடப்படும் காய்ச்சல்களிலும் இந்நோய் கருத்தில் கொள்ளத்தக்கது.

மருந்தும் நோயறிதலும்

பென்சிலின், செபலோசுபோரின் வகை மருந்துகள் உயிரணுவுக்குள் வாழும் இக்கிருமிகளை அழிப்பதில்லை. காய்ச்சலுக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் இம்மருந்துகளை ஒரு வாரம் உட்கொண்டும் குணமாகாத நிலையில் நோயாளிகள் பெரிய மருத்துவமனைக்கு வருவதற்கு இதுவே காரணமாகும்.

பெரியவர்களுக்கு டாக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை வீதம் 7 நாட்கள் கொடுப்பது இந்திய வழிகாட்டியின் முறையாகும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுக்கப்படுகிறது. குழந்தைகளுக்கு எடைக்கேற்ற அளவில் டாக்சிசைக்கிளின் கொடுக்கலாம். குறுகிய காலம் கொடுப்பதால் பற்களில் கறை படியும் என்னும் அச்சம் தேவையற்றது எனத் தற்போது கருதப்படுகிறது.

மருந்து தொடங்கிய 48 முதல் 72 மணி நேரத்திற்குள் காய்ச்சல் தணிவது வழக்கம். இது நோயறிதலுக்கும் துணை செய்கிறது. 3 நாட்கள் கடந்தும் காய்ச்சல் தணியாவிடில் வேறு நோயோ, உடன் வந்த மற்றொரு தொற்றோ, உறுப்புச் சிக்கலோ உள்ளதா என ஆராய வேண்டும்.

கடும் நோயாளிகளுக்கு எம்மருந்து சிறந்தது என்பதை அறிய இந்தியாவின் 7 மருத்துவ மையங்களில் நடைபெற்ற ஆய்வின் முடிவுகள் 2023 ஆம் ஆண்டு வெளியாயின. இவ்வாய்வில் 794 நோயாளிகளின் விவரங்கள் ஆராயப்பட்டன. டாக்சிசைக்கிளின், அசித்ரோமைசின் ஆகிய இரண்டையும் சிரை வழியே சேர்த்துக் கொடுத்தவர்களில் 33 விழுக்காட்டினருக்கே இறப்பு, நீடித்த சிக்கல், நீடித்த காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று ஏற்பட்டது. தனித்தனியே கொடுத்தவர்களில் இது முறையே 47, 48 விழுக்காடாக இருந்தது.

உண்ணி கடித்தபின் செய்ய வேண்டியவை

உடலில் ஒட்டியுள்ள உண்ணியை நுனி கூர்மையான இடுக்கியால் தோலுக்கு மிக அருகில் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுத்து எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும், தீக்குச்சியால் சுடுவதும், விரலால் நசுக்குவதும் தவிர்க்கப்பட வேண்டும். கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நாளைக் குறித்துக்கொள்வது நல்லது.

நோய்க்குறி எதுவும் இல்லாத நிலையில் உடனே குருதிச் சோதனை செய்வதால் பயனில்லை. அப்போது பிறபொருளெதிரிகள் தோன்றியிரா. அடுத்த 3 வாரங்களில் காய்ச்சல், தலைவலி, புள்ளிகள், கரும்பொருக்குப் புண் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் மருத்துவரை அணுகி, கடித்த நாளையும் இடத்தையும் கூற வேண்டும்.

தடுப்பு

ஸ்க்ரப் டைபசுக்கும் புள்ளிக்காய்ச்சலுக்கும் தடுப்பூசி இல்லை. முழுக்கை, முழுக்கால் ஆடை அணிதல், பூச்சி விரட்டி பூசுதல், புல்லின் மீது நேரடியாக உட்காராமை, வேலை முடிந்தவுடன் குளித்து ஆடைகளைத் துவைத்தல் ஆகியவை கடியைக் குறைக்கும். குடியிருப்புகளையும் தொழிற்சாலைகளையும் சுற்றியுள்ள புதர்களை அகற்றுதல், எலிகளைக் கட்டுப்படுத்துதல், நாய்களிலும் கால்நடைகளிலும் உண்ணி நீக்குதல் ஆகியவையும் தேவையானவை. புதரை அகற்றும் முன் எலிகளை மட்டும் கொன்றால், உணவிழந்த சிற்றுண்ணிகள் மனிதரைக் கடிக்க நேரிடலாம். எனவே இரண்டும் சேர்த்துச் செய்யப்பட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- டெங்குக் காய்ச்சல்
- எலிக்காய்ச்சல்
- கியாசனூர் காட்டு நோய்
- விலங்குவழி நோய்கள்
- திருவள்ளூர் மாவட்டம்
- கும்மிடிப்பூண்டி